ஒரு காலும் இரு சக்கரமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

செயலாளர் நமக்கு அளித்த தலைப்பு ‘சாலைப் பாதுகாப்பு’ என்பதாகும். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பாலக்காட்டுப் புகைவண்டி அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளைக் கட்டி அடுக்கி வரும் நாம் அத்தலைப்பில் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறோம்? தலைக்கவசம் அணியுங்கள் என்போம்; நீங்களும் தலையசைப்பீர்கள். ஆதலின் அவரிடம் அனுமதி பெற்று, நாம் அறிந்த ஒருவரைப் பற்றிப் பேச எண்ணினோம். காலொன்றை இழந்தபின் மீண்டும் மோட்டார் சைக்கிள் ஏறியவர் அவர். இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். தம் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவதாக எச்சரித்திருக்கிறார். எனவே ‘நண்பர்’ என்றே குறிப்போம். நம்மையும் ‘நாம்’ என்றே குறிப்போம். பெருமைக்காக அன்று, மேடையில் ‘நான்’ என்று சொல்ல நாக் கூசுகிறது. மேலும், இக்கதையில் நமது பங்கு அத்தனை பெருமைக்கு உரியதும் அன்று.

நண்பர் இடுக்கி மாவட்டத்து மறையூரைச் சேர்ந்தவர். சந்தன மரமும் வெல்லமும் விளையும் ஊர் அது. அவர் பாட்டனார் மதுரைச் சீமையிலிருந்து மூணாற்றுத் தேயிலைக் காட்டுக்குக் கூலியாக வந்தவர். நம் காலனியில் பாதிக் குடும்பங்களின் கதை பாலக்காட்டுச் சமவெளிக் கதை என்றால், மறு பாதி அம்மலைக் கதை. நண்பர் மலையிலிருந்து இறங்கி, நம் கோட்டத்தில் கேங்மேனாகச் சேர்ந்தார். வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையே, யானைகள் பாதை கடக்கும் அந்தக் காட்டுப் பகுதியில், இரவில் கைவிளக்கோடு தண்டவாளம் பார்த்து நடந்தவர். நடப்பதே அவர் தொழில்.

2011 ஆகஸ்டில் விடுப்பெடுத்து, மோட்டார் சைக்கிளில் மறையூருக்குப் போய்க்கொண்டிருந்தார். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவே ஒரு லாரி உரசிச் சென்றது, நிற்கவில்லை. எவர் லாரி என்பது இன்றுவரை தெரியாது. இடது கால் கணுக்கால் வரை நசுங்கிவிட்டது. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முழங்கால் தப்பியது பெரும் பேறு என்று மருத்துவர் சொன்னபோது, நமக்கு அது கொடிய ஆறுதலாகப் பட்டது. முழங்கால் என்னும் மூட்டு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேற்றுமை எவ்வளவு என்பது பின்னர்தான் விளங்கியது.

நண்பர் மருத்துவமனையில் கிடக்கையில் அவர் மனைவி அந்த வண்டியை விற்க விரும்பினார். வாங்கியவர்கள் நாமே. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தோம். முன் சக்கரம் வளைந்திருந்தது, விளக்கு உடைந்திருந்தது என்றாலும், அது அவ்வண்டியின் பெறுமானம் அன்று என்பதை அன்றே அறிவோம். பழுது பார்த்து, நான்கு ஆண்டுகள் அவர் குவார்ட்டர்ஸ் வாசல் வழியாகவே நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்றோம்.

இவ்விடத்தில் ஒரு செய்தி. காலனிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியது என்பதால் சற்றே நிறுத்திச் சொல்கிறோம். கால் போன கேங்மேனின் வேலை போய்விடும் என்று அவர் வீட்டார் அஞ்சிக் கலங்கினர். போகாது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் 47-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பணியிலிருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலைக்கு உடல் ஒவ்வாவிடின் அதே ஊதியத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லையெனின் தகுந்த பணி கிடைக்கும்வரை உபரிப் பணியிடத்திலேனும் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அச்சட்டம் போய் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. அதன் 20-ஆம் பிரிவிலும் இதே காப்பு உண்டு. முந்தைய 47-ஆம் பிரிவின்படியே நண்பர் 2012-இல் எழுத்தராகி நம் அறைக்கு, நமக்கு அடுத்த மேசைக்கு வந்து சேர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பழகாதவர். முதல் மாதம் முழுவதும் சன்னலைப் பார்த்தே அமர்ந்திருந்தார்.

கோயமுத்தூரில் நடந்த ஒரு முகாமில் அவருக்குச் செயற்கைக் கால் கிடைத்தது. ஜெய்ப்பூர்க் கால் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். மேல்நாட்டார் செய்த பழைய செயற்கைக் கால்கள் பூட்சுக்குள் நுழைப்பதற்காகச் செய்யப்பட்டவை. வெறுங்காலோடு வயலில் நடப்பவனுக்கும், குந்தி அமர்பவனுக்கும், கோயிலுக்குள் செருப்பைக் கழற்றுபவனுக்கும் அவை உதவவில்லை. 1960-களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் இராமச் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும், எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, ரப்பரைப் பதப்படுத்தி, மனிதப் பாதம் போன்றே தோற்றமும் வளைவும் உடைய ஒன்றைச் செய்தனர். சர்மா ஏட்டுக்கல்வி மிகுந்தவர் அல்லர், கைத்திறன் மிக்கவர். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. 1975-இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய அமைப்பொன்று இக்கால்களை இலவசமாகவே வழங்கி வருகிறது.

கால் வந்தது, வலி போகவில்லை. இல்லாத காலில் வலி! பாதிராத்திரியில் இடது பெருவிரல் அரிக்கிறது என்று எழுந்து உட்காருவார். சொறிவதற்கு விரல் ஏது? மனம் பேதலித்துவிட்டதோ என்று வீட்டார் அஞ்சினர். இது மருத்துவம் அறிந்த நோயே. மூளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இடம் உண்டு. உறுப்பு போனாலும் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. இதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நம் தமிழர் வி.எஸ். இராமச்சந்திரன் என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி. இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடி ஒன்றை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தை இழந்த காலின் இடத்தில் பார்த்துக்கொண்டே அசைக்கச் சொல்வது அவர் கண்ட முறை. எல்லோருக்கும் பலித்ததென்று சொல்ல முடியாது. நண்பருக்கு ஓரளவு பலித்தது. பீரோக் கதவின் நிலைக்கண்ணாடியைக் கழற்றி அவர் மனைவி தாமே பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்.

வலி குறைந்தபின் அவர் நம்மிடம் ஒன்று சொன்னார்: “அண்ணே, காலையில் நீங்கள் என் வாசலில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, என் போன கால் கியரை மிதிக்கிறது.” நாம் மறுநாள் முதல் வேறு தெரு வழியாகப் போகத் தொடங்கினோம். அதற்கு மேல் நாம் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

2014-இல் நண்பரின் தந்தையார் மறையூரில் காலமானார். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. பாலக்காட்டிலிருந்து மறையூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். பொள்ளாச்சியில் ஒருமுறை, உடுமலையில் ஒருமுறை என்று பேருந்து மாற வேண்டும். மலைக்குப் போகும் பேருந்துகளோ மிகச் சில. புகைவண்டி ஊழியனுக்குப் புகைவண்டியும் இல்லை. பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் பாதை 2008 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி மீண்டும் திறந்தது 2015-இல்தான். வாடகைக் காருக்கு நண்பரிடம் அன்று பணமில்லை, நம்மிடம் கேட்கவுமில்லை. மறுநாள் பிற்பகல் அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த மகன் இல்லாமலே மண் தள்ளினார்கள்.

திரும்பி வந்த வாரமே நம் மேசைக்கு எதிரே நின்று, “அண்ணே, அந்த வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா?” என்றார். நாம் ‘வேண்டா’ என்றோம்.

ஏன் வேண்டா என்றோம்? அவர் நலன் கருதி என்று அன்று சொன்னோம். மறுப்பது எளிதாக இருந்தது என்பதே மெய். மறுத்துவிட்டு அவரைத் தேற்றப் பெரியோர் கதைகளையும் சொன்னோம். 1981-இல் திருச்சிக்கு அருகே பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலோடு பயின்று 1984-இல் மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடியதையும், ‘மயூரி’ என்ற படத்தில் தம் கதையில் தாமே நடித்ததையும் சொன்னோம். 1931-இல் இரு கால்களையும் இழந்த ஆங்கில விமானி டக்ளஸ் பேடர் இரண்டாம் உலகப் போரில் மீண்டும் போர் விமானம் ஓட்டியதைச் சொன்னோம். தண்டவாளத்தில் காலை இழந்து, 2013 மே மாதம் எவரெஸ்டு ஏறிய அருணிமா சின்காவைச் சொன்னோம். நண்பர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அண்ணே, ஆடவும் பறக்கவும் மலையேறவும் நான் கேட்கவில்லை. என் அம்மா வீட்டுக்குப் போகக் கேட்கிறேன்” என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

அவர் மனைவி கடுமையாக எதிர்த்தார். நாம் வீட்டுக்குச் சென்று சமாதானம் சொல்ல முயன்றபோது அவ்வம்மையார் சொன்னது நினைவில் உள்ளது: “அண்ணா, அந்த வண்டியைப் பணத்துக்காக நான் விற்கவில்லை. கண்ணில் படக்கூடாது என்று விற்றேன். நீங்கள் அதைத் தினம் என் வாசலில் ஓட்டினீர்கள். இப்போது ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் வந்திருக்கிறீர்கள்.” நாம் தலைகுனிந்து தேநீரைக் குடித்துவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து அவரே சொல்லி அனுப்பினார். மருத்துவர் எழுதித் தரவேண்டும், உரிமம் முறைப்படி வேண்டும், பழகும்போதெல்லாம் தாம் அருகில் நிற்கவேண்டும் என்ற மூன்று கட்டளைகளோடு.

எந்த வண்டி என்பதில் தகராறு எழுந்தது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் என்பது எல்லோர் கருத்தும். சமவெளியில் அது நன்றே. ஆயின் அவ்வண்டி வளைவில் சாயாது. கொண்டை ஊசி வளைவில் வெளிப்புறம் தள்ளும். கியரில்லா ஸ்கூட்டர் என்பது நமது கருத்து. இரண்டு பிரேக்கும் கையிலேயே இருப்பதால் இடது காலுக்கு வேலையே இல்லை. இன்றும் காலிழந்தோர் கேட்டால் அதையே சொல்வோம். நண்பர் பிடிவாதக்காரர். சின்னாற்று இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது என்றார். அதுவும் பொய்யன்று.

இனி வண்டியின் நுட்பம். இளைஞர்கள் சற்றுக் கவனியுங்கள். முற்காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். லாம்பிரெட்டா, சேத்தக் போன்றவற்றில் கியர் இடது கையில். இக்காலத்து மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலில். செயற்கைப் பாதத்துக்குக் கணுக்காலில் தசை இல்லை. விரலால் கியரைத் தூக்க முடியாது. நல்லவேளையாக நாம் வாங்கிய வண்டி நான்கு கியரையும் முன்னால் மிதித்தே ஏற்றும் வகை. இறக்குவதற்குக் குதிகால் பக்கம் ஒரு மிதி. தூக்க வேண்டியதில்லை, முழங்காலிலிருந்து அழுத்தினால் போதும். முழங்கால் தப்பியது பேறு என்று மருத்துவர் சொன்னதன் பொருள் அப்போது விளங்கியது! ஒலவக்கோட்டில் ஒரு பட்டறைக்காரர் அம்மிதிகளின் மேல் அகலத் தகடு பற்றவைத்தார். கால் வைக்கும் கம்பியின் பின்புறம் சிறு விளிம்பு ஒன்றும் வைத்தார். குதிகால் பின்னே வழுக்காது, வெளிப்பக்கம் திறந்திருப்பதால் விழும்போது கால் விடுபடும். பாதத்தை வாரால் கட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது தற்கொலை.

கியரைவிடப் பெரிய சங்கடம் நிற்பது. ஓட்டுபவர்களே, நீங்கள் நிற்கும்போது எந்தக் காலை ஊன்றுகிறீர்கள்? இடது காலை. வலது கால் பிரேக்கில் இருக்கிறதல்லவா! இருபது ஆண்டுப் பழக்கம் அது. நண்பர் அதை மறந்து, முன் பிரேக்கைக் கையால் பிடித்து, வலது காலை ஊன்றப் பழகவேண்டியிருந்தது. சரக்குக் கொட்டகைக்கு அருகிலுள்ள வெளியில் மாலைதோறும் பழகினார். மனைவியார் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பார். நண்பர் இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை அவர் ஒரு பக்கமும் செயற்கைக் கால் மறு பக்கமுமாகக் கிடக்க, பந்தாடிய சிறுவர்கள் திகைத்து நின்றனர். முதலில் சிரித்தவர் நண்பர்தாம். அவர் மனைவி சிரிக்கவில்லை. காலை எடுத்து மண்ணைத் தட்டிக் கொடுத்தார். மறுநாளும் வந்து நின்றார்.

உரிமம் பெற்ற கதை நீண்டது, சுருக்குகிறோம். மருத்துவச் சான்றோடு சென்றவரை ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினர். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டா. அன்றைய சட்டத்தில் இத்தகையோர் வண்டிக்கு ‘இன்வாலிட் கேரேஜ்’ என்று பெயர். பயணச்சீட்டு செல்லாது என்பதற்கும் நாம் ‘இன்வாலிட்’ என்றே எழுதுகிறோம், நண்பர் அப்படிவத்தைப் பார்த்து, “அபராதம் எவ்வளவு அண்ணே?” என்றார். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சொல்லை எடுத்துவிட்டு, ‘மாற்றியமைத்த வண்டி’ என்ற பொருளில் புதுச்சொல் வைத்திருக்கிறார்கள். நான்காம் முறை, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஆய்வாளர் ஒருவர் படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “எட்டுப் போட்டுக் காட்டுங்கள்” என்றார். கேரளத்தில் இருசக்கரத் தேர்வென்றால் எட்டு வடிவத்தில் ஓட்ட வேண்டும், கால் தரையில் படக்கூடாது என்பது நீங்கள் அறிந்ததே. நண்பர் எட்டுப் போட்டார். ஆய்வாளர் இன்னொருமுறை போடச் சொன்னார். அதையும் போட்டார்.

வண்டியை அவர் பெயருக்கே மாற்றித் தந்தோம். பதினெட்டாயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். நான்காண்டு ஓட்டிய தேய்மானத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றோம்; மறுத்தார். நாம் பணத்தை எடுத்துக்கொண்டோம். எடுத்திருக்கலாகாதோ என்று இன்றும் தோன்றுவதுண்டு.

2016 பொங்கலுக்கு முந்திய நாள் விடியற்காலையில் புறப்பட்டோம். அவர் மோட்டார் சைக்கிளில். பின்னால் ஸ்கூட்டரில் நாம். நாம் பின்தொடர்வது அவர் மனைவியின் நான்காம் கட்டளை. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி. பொள்ளாச்சிக்கு அப்பால் அந்த இடம் வந்தது. நிற்பாரென்று எண்ணினோம், நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கவுமில்லை. உடுமலையில் காலைக் கழற்றி, எஞ்சிய காலின் வியர்வையைத் துடைத்து, புதிய உறை மாட்டிக்கொண்டார். வெயிலில் வியர்வை சேர்ந்தால் உள்ளே தோல் உரிந்துவிடும். பாலக்காட்டு வெயில் காலிழந்தவனுக்குத் தனிப் பகை.

சின்னாறு கடந்து ஏறுகையில் ஒரு வளைவில் யானை நின்றது. ஏற்றம். நிற்பதைத் தவிர வழியில்லை. நமக்கு உடல் நடுங்கிற்று. யானையை விட, அவர் எந்தக் காலை ஊன்றுவாரோ என்பதற்காக. வலது காலை ஊன்றினார். சாலை நடுவில் சற்று மேடாக இருப்பதால் வலப்பக்கம் ஊன்றுவதே எளிது என்று பிறகு விளக்கினார். கால் மணி நேரம் அப்படியே நின்றார், முன் பிரேக்கைப் பிடித்த விரல்களை மாற்றி மாற்றி. யானை இறங்கிப் போயிற்று. அவரோ பயத்துக்குப் பேச்சுக் கொடுப்பவர். அன்று பழைய மூணாற்று இரயிலைப் பற்றிப் பேசினார். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சக்கரமும் வெறும் சாலையில் ஒரு பெரிய சக்கரமுமாக வண்டிகள் ஓடினவாம், மாடுகள் இழுக்க. 1908-இல் அது இரட்டைத் தண்டவாளமாயிற்று. 1924 வெள்ளம் முழுதும் அடித்துச் சென்றது. “ஒரு கால் தண்டவாளத்தில், ஒரு கால் ரோட்டில், நம்மைப் போலவே” என்றார். எழுத்தர் வேலைக்கு வந்தபின் பழைய கோப்பெல்லாம் படிக்கிறார் போலும்.

நண்பகலுக்கு முன் மறையூர். அவர் தாயார் வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மகன் காலைப் பார்க்கவில்லை. “மருமகள் வரவில்லையா?” என்றுதான் கேட்டார். சாப்பிட்டபின் தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தந்தையாரைப் புதைத்த இடத்துக்குப் புறப்பட்டார். நாம் உடன் செல்லவில்லை; திண்ணையில் அமர்ந்திருந்தோம். முதல் கியர் விழுந்த ஓசை கேட்டது. பிறகு இரண்டாவது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்த வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. மிதியில் வைத்த தகட்டைப் பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். நண்பர் விளக்கிச் சொல்வார். காலிழந்தோர் எவரேனும் உங்கள் உறவில் இருப்பின், பட்டறைக்காரரின் முகவரி நம்மிடம் உண்டு. குழந்தைகள் மட்டும் சாவியைத் தொடவேண்டா.